வெள்ளைச் சட்டையும் உப்பு மோரும்

வெள்ளைச் சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்பவளுக்கு வேர்க்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் காலரைப் புரட்டி நூல் பிசிறு பார்க்கும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால், அந்தச் சட்டை கறைக் கூடைக்குப் போகும். அதோடு என் நம்பர் எழுதிய சீட்டும் போகும். போன வருடம் கோடை தொடங்கும் முன்பே என் சீட்டுகள் அந்தக் கூடையில் குவிய ஆரம்பித்துவிட்டன.

எனக்கு ஐம்பத்தொரு வயது. தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. விடியும் முன் ரயில் ஏறி வைட்ஃபீல்டு பக்கம் இறங்கி, இருட்டிய பிறகு திரும்பி வருகிற பிழைப்பு பதினான்கு வருடமாக நடக்கிறது. அதில் பத்து வருடம் தையல் மெஷினில் குனிந்து கிடந்த பிறகுதான் செக்கிங் மேஜை கிடைத்தது. ஃபேன் உண்டு, நல்ல வெளிச்சம் உண்டு, 'அக்கா, இந்தப் பீஸ் போகுமா?' என்று பெண்கள் வந்து கேட்பார்கள். என் வாழ்க்கையில் என்னிடம் யாராவது அனுமதி கேட்ட இடம் அது ஒன்றுதான்.

செக்ஷன் இன்சார்ஜுக்கு முப்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், கெட்டவர் இல்லை. ஒருநாள் கறைக் கூடையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்தார்.

"மேடம், ஒண்ணு இந்த வேர்வைய நிறுத்துங்க. இல்லன்னா அயர்னிங்குக்குப் போங்க. நானேன் மாட்லி, நான் என்ன பண்றது, மேல கேக்கறாங்க."

அயர்னிங் என்பது பின்பக்கத்து ஷெட். தகரக் கூரை, இருபது இஸ்திரிப் பெட்டி, நாள் முழுக்க நீராவி. என் வயதில் அங்கே போனவர்கள் ஆறு மாதத்தில் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். கம்பெனி யாரையும் போகச் சொன்னதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். ஐம்பத்தொரு வயதில் அங்கிருந்து நின்றால் வேறு எந்தக் கதவைத் தட்டுவேன்?

வேர்வையை நிறுத்துங்களாம். குழாய் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அது நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ கிளம்பும். கழுத்து, காது, தலைமயிர் வேர் வரைக்கும் ஏறும். அடுப்பு வாயில் முகத்தை நீட்டிய மாதிரி எரியும், இதயம் படபடவென்று அடிக்கும், பிறகு முதுகெல்லாம் நனைந்து குளிர் எடுக்கும். ஒரு நாளில் பதினோரு முறை வந்ததை எண்ணியிருக்கிறேன். மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு தொல்லை விட்டது என்று நான் பாயசம் வைக்காத குறையாகச் சந்தோஷப்பட்ட முட்டாள்.

டாக்டரிடம் போயிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். போக ஒரு நாள் லீவு வேண்டும். லீவுக்குக் காரணம் எழுத வேண்டும். அந்தக் காகிதத்தை, மகன் வயதுள்ள அந்த மனிதரிடம் நீட்டிவிட்டு எதிரே நிற்க வேண்டும். அதைவிட மருந்துக்கடை சுலபம் என்று நினைத்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர், என்னைவிடச் சின்னவர். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், வேர்த்துக் கொட்டுகிறதற்கு டாக்டர் சீட்டு இல்லாமல் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

"யாருக்குக்கா?"

"எங்க அக்காவுக்கு."

"உங்களுக்கு ஏதுக்கா அக்கா?"

"பெரியம்மா பொண்ணு. குடியாத்தத்துல கீறாங்க."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது ஏறிக்கொண்டிருந்தது. ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும், "குடியாத்தத்து அக்காவுக்கு இப்ப எப்டி கீது?" என்று கேட்பார். இல்லாத அந்த அக்காவுக்காகப் பெண்கள் டானிக் வாங்கினேன், சோயா பவுடர் வாங்கினேன், சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கினேன். டானிக் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. சோயா பவுடர் சுவரைச் சுரண்டித் தின்ற மாதிரி இருந்தது. சட்டையில் சொட்டு விழுவது மட்டும் நிற்கவில்லை.

அதிமதுரம் ரயிலில் வந்தது. எதிர் சீட்டில் வரும் தோழி கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நான் துண்டால் கழுத்தைத் துடைப்பதைப் பல நாள் பார்த்தவள், ஒருநாள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அதிமதுரப் பொடி. காலையில ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். ரெண்டே வாரத்துல பாரு."

சாப்பிட்ட முதல் வாரம் பதினோரு முறை ஏழாகக் குறைந்தது. உண்மையில் குறைந்ததா, குறைய வேண்டும் என்ற வெறியில் நான் தப்பாக எண்ணினேனா, தெரியாது. ஏழு எனக்குப் போதவில்லை. இரண்டு ஸ்பூனை நாலாக்கினேன். பொட்டலம் தீர்ந்ததும் மருந்துக்கடையிலேயே டப்பாவாக வாங்கிக்கொண்டேன்.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வேர்வை என்றால் அப்பாவின் கண்ணுக்குத் தப்பாது. முப்பது வருடம் சுரங்கத்தில், அதுவும் ஆழமான லெவல்களில், பாறையே கொதிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இன்னாம்மா, இப்டி வேர்த்துக் கொட்டுது உனுக்கு?"

"பித்தம்பா."

"பித்தமோ இன்னாவோ, வேர்வையில போறது உப்பு. கீழ எங்களுக்கு உப்பு மாத்திர குடுப்பாங்க. உப்பு எறங்கிச்சின்னா ஆளு அங்கயே சாஞ்சுடுவான். நான் பாத்துகீறேன்."

மறுநாளிலிருந்து அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். நான் தலை வாரி முடிப்பதற்குள் ஒரு லிட்டர் பாட்டிலில் மோர் கலக்கி, கை நிறைய உப்பு போட்டு, மூடியைத் துடைத்து வாசல் பக்கத்தில் வைத்திருப்பார். எழுபத்தெட்டு வயது மனிதர், மூச்சு வாங்க வாங்கப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு நிற்பார். வாய் ஒப்பாத உப்பு. ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். என் உடம்பைப் பார்த்து 'இன்னா' என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான், அந்த மோரைக் கீழே ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மாதத்தில் என் கால் செருப்புக்குள் நுழையாமல் போனது. பின்மண்டையில் ஒரு வலி வந்து குடியேறியது. மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது. ரயிலில் சொன்னேன். "எல்லாம் அதுதான், எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு" என்றார்கள் இரண்டு பேர். நானும் எல்லாப் பழியையும் நின்றுபோன மாதவிலக்கின் தலையிலேயே போட்டேன். கம்பெனி பாத்ரூமில் குழாயைத் திறந்து அதன் கீழே தலையை நீட்டிக்கொண்டு சத்தம் வராமல் அழுதிருக்கிறேன். பயமாக இருந்தது, அவமானமாக இருந்தது, என் உடம்பைக் கண்டாலே வெறுப்பாக இருந்தது. யாராவது விஷத்தைக் கொடுத்து இது வேர்வையை நிறுத்தும் என்று சொல்லியிருந்தால், எத்தனை ஸ்பூன் என்றுதான் கேட்டிருப்பேன்.

கடைசியில் ஒரு யோசனை செய்தேன். தலையைச் சுற்றி மெல்லிய துண்டை இறுக்கிக் கட்டி அதன்மேல் கம்பெனித் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். அன்று மதியம் வரை மூன்று முறை வந்தும் ஒரு சொட்டு விழவில்லை. இன்சார்ஜ் என் மேஜையைத் தாண்டிப் போனபோது நிமிர்ந்து நின்றேன், எனக்கே என்மேல் ஒரு கர்வம். அடுத்த சட்டையை விரித்துக் காலரைப் புரட்டினேன். அதில் ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு. இன்னொன்று விழுந்த பிறகுதான் அது என் மூக்கிலிருந்து வருகிறது என்று புரிந்தது.

கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் பங்காரப்பேட்டைக்காரி. மூக்கைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு பிரஷர் பார்த்தாள். ஒருமுறை பார்த்தவள் நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தாள். மேலே நூற்றுத் தொண்ணூறு என்றாள். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டதும், பதில் சொல்லத் தெம்பில்லாமல் பையையே அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதெல்லாம் யாரு எழுதிக் குடுத்தாங்கக்கா?"

"யாரும் இல்ல."

"இந்த அதிமதுரம் எவ்ளோ நாளா?"

"மூணு மாசம். நாலு ஸ்பூன்."

அவள் மோர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, ஊறுகாத் தண்ணியா? அதிமதுரமே ஒடம்புல உப்பையும் தண்ணியையும் வெளிய உடாம பிடிச்சு வெச்சுக்கும். அதுமேல நீங்க தெனமும் உப்பா ஊத்திக்கினு கீறீங்க. இன்னிக்கு மூக்குல வந்துச்சு, தப்பிச்சீங்க. மூளையில வந்திருந்தா?"

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே டாக்டரம்மாவும் அதையே சொன்னார். பொடியும் உப்பு மோரும் அன்றோடு நிறுத்த வேண்டும், பிரஷர் மாத்திரை போட வேண்டும். இந்தச் சூட்டுக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன, ஆனால் பிரஷர் இறங்கட்டும், பிறகு பார்க்கலாம், அதுவரை நீங்களாக எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்றார். எத்தனை நாளில் இது விடும் என்று கேட்டேன். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும், சொல்ல முடியாது என்றார்.

மூன்று நாள் ரெஸ்ட் முடிந்து கம்பெனிக்குப் போன சனிக்கிழமை இன்சார்ஜ் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமையிலேந்து அயர்னிங், மேடம்" என்றார். ரயிலில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். 'சார், எனக்கு மெனோபாஸ். வேர்வை என் தப்பு இல்லை. இன்னும் ஒரு டேபிள் ஃபேன் போட்டால் போதும்.' மூன்றே வாக்கியம். வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா மறுநாளைக்காகப் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தார். மூக்கில் ரத்தம் வந்ததற்கும் வெயில்தான் காரணம் என்று சொல்லி வைத்திருந்தேன். இனி அந்த மோரைக் குடிக்கவும் முடியாது, அவரை ஏமாற்றிக் கொட்டவும் முடியாது. அடுப்பங்கரை வாசலில் நின்று, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன். மாதவிலக்கு நின்றது, சூடு ஏறுவது, பொடி, உப்பு, மேஜை போனது, அயர்னிங், எல்லாம்.

அப்பா திரும்பவில்லை. கரண்டியை வைத்துவிட்டுப் பால் பாத்திரத்தை மூடினார்.

"உங்கம்மாவும் இப்டித்தான். வேல செஞ்சுக்கினு இருக்கறவ திடீர்னு எழுந்து போயி தொட்டிகிட்ட உக்காந்து தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக்குவா. குடும்பம் நடத்த ஒடம்பு வளையல, சோம்பேறின்னு திட்டினேன். இன்னான்னு ஒரு வார்த்த கேக்கல. அவளுக்கு ஒரு டம்ளர் மோருகூட நான் கலக்கிக் குடுத்ததில்ல."

அம்மாவைத் தொட்டிப் பக்கம் பார்த்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நானும்தான் கேட்கவில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "கீழ எவ்ளோ சூடா இருந்தாலும் எட்டு மணி நேரம்தாம்மா. ஷிப்ட் முடிஞ்சா கேஜ் வந்து மேல இட்டுக்கினு வந்துடும். உனுக்கு ஷிப்ட் எப்ப முடியும்?"

"டாக்டருக்கே தெரியலப்பா."

திங்கட்கிழமை விடியலில் பாட்டில் வழக்கமான இடத்தில் இருந்தது. கழுவி, வெறும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய் அயர்னிங் ஷெட்டில் பதினேழாவது பெட்டியில் நின்றேன். பத்து மணிக்குள் மூன்று முறை வந்தது. என் சூடு எது, நீராவியின் சூடு எது என்று எனக்கே தெரியவில்லை. மூக்கு நுனியிலிருந்து சொட்டு சட்டையில் விழுந்தது. நான் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தேன். பக்கத்துப் பெட்டிக்காரி தன் சொட்டின் மேலேயே இஸ்திரியை இழுத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். நானும் இழுத்தேன். அங்கே எல்லோருக்கும் வேர்க்கிறது, அதனால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.