மூன்று சொட்டு எண்ணெய்

போன சனிக்கிழமை இரத்தினபுரி டவுனில் ஒரு பார்மசிக்குப் போயிருந்தேன். எனக்கு வேண்டியது இருமல் மருந்து. எனக்கு முன்னால் நின்றவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

தெரணியகலைப் பக்கத்து ஆள். இருபத்தெட்டு வயது இருக்கும். அடுத்த வாரம் கல்யாணமாம். கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். ஷேவ் பண்ணினால் வருகிறது என்றார். கடைக்காரர் சின்னதாக ஒரு போத்தலை எடுத்து வைத்தார். ஷேவ் பண்ணுவதற்கு முன்னால் முகத்தில் தடவுகிற எண்ணெய். மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைப் போட்டால் உண்மையிலேயே நல்லா வருமா என்று கேட்டார்.

கடைக்காரர் பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர். "அந்தா நிக்கிறாரே, எழுதுற மாஸ்டர்... அவருகிட்டயே கேளுங்க" என்று என்னை மாட்டிவிட்டார்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. எதையோ மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் இருமல் மருந்து ஞாபகம் வந்தது.

ஒரு எண்ணெய்க்குப் பதில் சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டம்? இத்தனை வருஷம் இங்கே எழுதாத கதை அது. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியர். தொண்டர் என்றால் வேலை உண்டு, நியமனம் இல்லை. இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்பார்கள். என் மனைவி செல்வி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். லயத்து வரிசை வீட்டில் ஒரே அறைக் காம்பராவில் என் அப்பா, அம்மா. முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கைத் தைத்து மறைத்துக் கட்டிய மூலையில் நாங்கள் இரண்டு பேர்.

ரோட்டோரமாக ஒரு துண்டுக் காணி. அதில் இரண்டு அறை வீடு. நாங்கள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

"ரெண்டு வருஷம்தானேங்க," என்றாள் செல்வி. "கண்ண மூடித் தொறந்தா ஓடிப் போயிரும்."

பெய்ரூட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். மாஸ்டர் பொண்டாட்டி வீட்டு வேலைக்குப் போகிறாளாம் என்று லயம் முழுக்கப் பேசினார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணை மூடித் திறந்தேன்... இரண்டு நாள்தான் போயிருந்தது.

லயத்தில் ஃபோன் ஏது? கடிதம் வர ஒரு மாதம் ஆகும். எட்டாவது மாதம், கொடகவெலயிலிருந்து பெய்ரூட்டுக்குப் போன சோமா அக்கா என்கிற சிங்கள அம்மா லீவில் வந்திருப்பதாகவும், செல்வி ஏதோ கொடுத்து விட்டிருப்பதாகவும் தகவல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த வளைவுகளில் வழக்கமாக எனக்கு வாந்தி வரும். அன்றைக்கு வரவில்லை.

ஒரு துவாய். ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தல். அவள் பேசிப் பதிந்த ஒரு கெசட்.

எண்ணெய் எதற்கு? அதற்கு என் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்டர் முகம் வழிக்காமல் வகுப்புக்குப் போக முடியாது. விடிந்ததும் மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதிலேயே முகத்தைக் கழுவி, குளிக்கிற சோப்பைத் தேய்த்து, ஒரே பிளேடை இரண்டு வாரம் ஓட்டுவேன். கழுத்தில் எப்போதும் ரத்தப் பொட்டு, பருக்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். கணக்குப் பாடத்துக்கு உதவியாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெசட்டைப் போட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு செல்வியின் குரல். முதலில் அப்பா, அம்மா சுகம் விசாரித்தாள். பிறகு என் கழுத்துக்கு வந்தாள்.

சுடுதண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து முகத்தில் வைக்கணும். எண்ணெய் மூன்று சொட்டு போதும், கூடினால் பிளேடை அடைத்துக்கொள்ளும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தடவணும். அதற்கு மேலேதான் சோப்பு நுரை. தோலை இழுத்துப் பிடிக்கணும், விரல் வழுக்கினால் கொஞ்சம் பவுடர். மேல் உதட்டுக்கு வரும்போது மூக்கை லேசாகத் தூக்கிப் பிடிக்கணும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எண்ணெ தடவினதும் அவசரப்படாதீங்க. ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும். உங்களுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே... நான் பேசிக்கிட்டு இருக்கேன், கேட்டுக்கிட்டு இருங்க."

ஒரு நிமிஷம் பேசினாள். அவள் நிற்கிற மாடியிலிருந்து என்ன தெரிகிறது என்று. எதிர்வீட்டு மாடியில் ஒரு பொம்பளை துணி காயப்போடுகிறாளாம். அதில் என் நீலச் சட்டை மாதிரியே ஒன்று இருக்கிறதாம். காற்றுக்குக் கை இரண்டும் ஆடுகிறதாம். "நீங்கதான் கூப்பிடுற மாதிரி இருக்குங்க" என்றாள். பிறகு யாரோ ஒரு பொம்பளை அதட்டுகிற குரல். பதிவு டக்கென்று நின்றது. கொஞ்சம் இரைச்சலுக்குப் பிறகு, "சரி, இப்ப சோப்பு போடுங்க."

மறுநாளிலிருந்து ரேடியோ செட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஷேவ். இரண்டு வாரத்தில் கழுத்து குணமாகிவிட்டது. எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் ஏமாந்து போனார்கள்.

சந்தோஷத்தை வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரிகிறதா நமக்கு? தோட்டத்துக் கடையில் டீ குடிக்கும்போது பெருமையாகச் சொன்னேன். மூக்கைத் தூக்கிப் பிடிக்கிறது வரைக்கும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆம்பள ஷேவ் பண்ணுறத ரொம்பக் கிட்ட நின்னு பாத்திருக்காங்களே மாஸ்டர், உங்க வீட்டுல," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மனிதர் ஒன்றும் கெட்டவர் இல்லை. பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அதே கெசட் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. தோலை இழுத்துப் பிடிக்கணும்... யாருடைய தோலை? மூக்கைத் தூக்கிப் பிடிக்கணும்... யாருடைய மூக்கை? அந்த வீட்டில் ஒரு மிஸ்டர், ஒரு மேடம், இரண்டு பிள்ளைகள் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். அந்த மிஸ்டருக்கு ஒரு முகத்தை நானே உண்டாக்கினேன். நல்ல வழவழப்பான முகம்.

ரேடியோ செட்டை மூடினேன். போத்தலை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டேன். ஷேவ் பண்ணுவதையே விட்டுவிட்டேன். கடிதமும் எழுதவில்லை. யாரைத் தண்டிக்க அந்தத் தாடி? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபம் பகலில் மட்டும்தான் இருந்தது. விடிகிற நேரத்தில், பீலிக்குப் போகிற வழியில், அந்த ஒரு நிமிஷம் தானாகவே காதில் ஓடும். நீலச் சட்டை. இரண்டு கை.

தாடிக்கு இரண்டரை மாதம் ஆனபோது இன்டர்வியூ கடிதம் வந்தது. ஆசிரியர் நியமனம். கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நியமனம் மட்டும் கிடைத்துவிட்டால், இரண்டு வருஷம் முடிந்ததும் செல்வி வந்துவிடலாம். அப்படித்தான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். அம்மா என்னிடம் கெஞ்சினார், இதையாவது எடுத்துவிட்டுப் போடா என்று. வீம்பு. தாடியோடு போனேன்.

கொழும்புக்குள் நுழைகிற இடத்தில் செக்பொயின்ட். எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அந்த யுத்த காலத்தில் அது வழக்கம்தான். என் ஐடென்டிட்டி கார்டில் பதினெட்டு வயது, மீசை முளைக்காத முகம். நேரில் நிற்பவனோ ஒரு தாடிக்காரத் தமிழன். தாடி எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதை எந்தப் பாஷையில் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேசாமல் நிற்கிற ஆள்மீது சந்தேகம் கூடுமா, குறையுமா?

பஸ் போய்விட்டது. ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு பொலிஸ்காரர் பால் போடாத பிளேன்டி கூட வாங்கித் தந்தார். என்னைப் பற்றி ஊரில் விசாரித்துப் பதில் வரும்போது பின்னேரம் மூன்றரை. இன்டர்வியூ நடக்கிற கந்தோருக்கு ஓடினேன். கதவை மூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை பார்க்கலாம் என்றார் உள்ளே இருந்தவர். அடுத்த முறை எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

அதே வாரம் இரண்டாவது கெசட் வந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க," என்று தொடங்கினாள். அந்த வீட்டில் மிஸ்டருடைய அப்பா ஒருவர் இருக்கிறாராம். படுத்த படுக்கை. எல்லாரும் அவரை ஜித்தோ என்று கூப்பிடுவார்களாம், தாத்தா என்று அர்த்தமாம். அவரைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, ஷேவ் பண்ணிவிடுவது எல்லாம் செல்விதான். தோல் வெற்றிலை மாதிரி மெல்லிசாம். எண்ணெய் இல்லாமல் பிளேட் வைத்தால் கிழிந்துவிடுமாம். ஒரு ஆம்பளையைக் குளிப்பாட்டுகிறேன் என்று எனக்கு எழுத வெட்கமாக இருந்ததாம். நான் என்ன நினைப்பேனோ என்று பயந்துதான் இத்தனை நாள் சொல்லவில்லையாம்.

"அவரு கன்னத்துல கைய வைக்கும்போதெல்லாம் உங்க கழுத்துதாங்க ஞாபகம் வரும். அதுதான் எண்ணெ வாங்கி அனுப்பினேன்."

அன்றைக்கே தாடியை எடுத்தேன். அவசரத்தில் மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டேன். அது என் தப்பு, எண்ணெயின் தப்பு இல்லை.

கடிதம் எழுதினேன். பஸ் லேட்டாகிவிட்டது, இன்டர்வியூ தவறிவிட்டது என்று. தாடியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பதில் வந்தது: "பரவாயில்லீங்க. நான் இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வாறேன்."

அந்த மூன்றாவது வருஷத்தைப் பற்றி என்ன எழுதுவது? முதல் இரண்டு வருஷம் அவள் போனதால் வந்த பிரிவு. மூன்றாவது, நான் உண்டாக்கியது. ஒவ்வொரு நாளும் தெரிந்தே கழித்தேன். எண்ணெய், தாடி எடுத்த நான்கு மாதத்திலேயே தீர்ந்திருந்தது. போத்தலைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டையும் எடுத்தேன். அதற்குப் பிறகு சுடுதண்ணீர்த் துவாய் மட்டும்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை விடவில்லை. கெசட் ஓட ஓட அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. நீலச் சட்டை வருகிற இடத்தில் நாடா சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஒருநாள் "நீங்கதான்..." என்பதோடு அறுந்தே போனது. மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன்.

கழுத்தில் பரு திரும்பி வரவில்லை. பார்மசி மாப்பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். சூடும் அந்த ஒரு நிமிஷமும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். தோல் மெல்லிசானவர்களுக்கு எண்ணெய் நிச்சயம் உதவும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் மணக்கும். இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷக் கதை தேவைப்படுகிறது!

செல்வி திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள், கொஞ்சம் வெளுத்திருந்தாள். என்னோடு பேச முதல் வாரம் வெட்கப்பட்டாள். நானும்தான். ரோட்டோரக் காணி வாங்கி, ஒரே ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டுக் குடி போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேவ் பண்ணப் போனால், புது வீட்டில் கண்ணாடி இல்லை.

"உக்காருங்க, நான் பண்ணிவிடுறேன்," என்றாள்.

முற்றத்தில் அடுக்கியிருந்த கல்லில் உட்கார்ந்தேன். சூடான துவாயை வைத்தாள். நுரை போட்டாள். தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். என்ன கை அது! பிளேட் ஓடுவதே தெரியவில்லை. "ஷ்வை... ஷ்வை..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இழுத்தாள். பெய்ரூட்டில் பேசுகிற அரபுப் பாஷையில் மெதுவா, மெதுவா என்று அர்த்தம். ஒரு கன்னம் முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

ஜித்தோ அவளை செல்வி என்று கூப்பிட மாட்டாராம். சல்வா என்றுதான் கூப்பிடுவாராம். வாயில் வராமல் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தாளாம். புறப்படுகிற அன்றைக்குத்தான் மேடம் சொன்னாராம், சல்வா என்பது ஜித்தோவுடைய செத்துப்போன மகள் என்று. "புதுசா வேலைக்கு வந்த புள்ளைக்கு எல்லாம் காட்டிக் குடுத்துட்டுதாங்க வந்தேன். ஆனா நான் பெட்டிய எடுக்கும்போது என் கையப் பிடிச்சவரு விடவே இல்ல..."

மூன்று வருஷம் இவளுக்காக ஏங்கினேன். இங்கே வந்து நிற்கிறாள். அவள் ஏக்கமோ அங்கே இருக்கிறது. பொறாமை வரவில்லை. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. தாடியைச் சொன்னேன். கடையில் கேட்ட வார்த்தையை, செக்பொயின்ட்டை, இன்டர்வியூவை, பஸ் லேட் என்று எழுதிய பொய்யை... எல்லாவற்றையும் சொன்னேன்.

கழுத்தில் பிளேட் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயமா அது?

செல்வி பிளேடைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"அவருக்கு எண்பத்தாறு வயசுங்க," என்றாள்.

ரேசரைக் கல்லில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் பஸ் போனது. தெரிந்தவர் யாரோ கை காட்டினார்கள். நானும் காட்டினேன். நுரை காய்ந்து தோலை இழுத்தது. எழுந்து போய்க் கூப்பிடவும் தைரியம் இல்லை. ஒரு வருஷத்தை எந்த வார்த்தையால் திருப்பிக் கொடுப்பது?

வெகு நேரம் கழித்து சுடுதண்ணீரோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. காய்ந்த நுரையைத் துடைத்தாள். மறுபடி துவாயை வைத்தாள். நான் பேச வாயெடுத்தேன்.

"ஆடாம இருங்க," என்றாள்.

தாடையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தாள். கழுத்தில் பிளேடை வைத்தாள்.

எண்ணெய் போடவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை.