லீவு நாளில் ஏறிய எண்ணிக்கை

மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். வாடகை வீடு தேடுகிறவர்களுக்கான இணையதளம் நடத்தினோம். யார் எந்த வீட்டைக் கிளிக் செய்தாலும், அதை டேட்டாபேஸில் எழுதி முடிக்கும்வரை பக்கம் திறக்காது. ஆட்கள் பொறுமையிழந்து ஓடிவிடுவார்கள். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நான், "நான் சரி பண்றேன் சார்" என்று குதித்தேன்.

கிளிக்குகளைச் சர்வரின் நினைவகத்தில் சேர்த்துவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக டேட்டாபேஸில் எழுதவைத்தேன். சோதனைக்காகத் தமிழ்ப் பக்கத்தில் மட்டும். அந்தப் பக்கத்துக்கு வீட்டு விவரங்களை எழுதிவந்தவர் ஆஸ்டின் டவுனிலிருந்து வரும் அக்கா ஒருவர். பக்கம் சட்டென்று திறந்தது. எனக்கு ஒரே கைதட்டல்.

மூன்றாவது வாரம் மேனேஜர் அந்தப் பக்கத்தின் கிளிக்குகள் சரிந்துவிட்டன என்றார். வெள்ளிக்கிழமை பேசி மூடிவிடலாமாம். பக்கம் போனால் அக்காவின் வேலையும் போகும்.

வியாழன் மதியம் நாள்வாரியாக எண்களைப் பார்த்தேன். வேலை நாட்களில் ஒரே ஒரு நாள் மட்டும் ஏறியிருந்தது. காய்ச்சலென்று நான் லீவு போட்ட நாள்.

அப்போதுதான் உறைத்தது. கை சும்மா இருக்காமல் நாளுக்குப் பத்துத் தடவை சர்வரில் புது கோட் ஏற்றுகிறவன் நான். ஒவ்வொரு தடவையும் சர்வர் நின்று கிளம்பும். எழுதப்படாமல் நினைவகத்தில் இருந்த கிளிக்குகள் அத்தோடு போய்விடும், தடயமே இல்லாமல். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் என் வேலை?

அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். "ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? போவப்போறது என் வேல. நீ சோறு துன்னு."

டிபன் பாக்ஸை அவர் பக்கமே தள்ளிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் பேச்சை எடுத்ததுமே எழுந்து நின்றேன். "சார், கிளிக் குறையல. நான்தான் தொலைச்சுட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன்.

"எஷ்டு ஹோய்து?" என்றார் கன்னடத்தில். எவ்வளவு போனது?

"கொத்தில்ல சார்." தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் அதிகம் பயந்தேன்.

சர்வர் நிற்குமுன் நினைவகத்தில் இருப்பதை எழுதிவிடும்படி மாற்றச் சொன்னார். இரண்டு வாரம் எண்ணிவிட்டுப் பக்கத்தைப் பற்றி முடிவெடுக்கலாமாம். என் விஷயத்தைத் தனியாகப் பேசுவாராம்.

வெளியே வந்ததும், எல்லாவற்றையும் கேட்டிருந்த அக்கா முறைத்தார். "அடப்பாவி, இன்னும் நாலு நாள் காய்ச்சல்ல படுத்திருக்கக் கூடாதா?"

எண்ணிக்கை ஏறியது, பக்கம் பிழைத்தது. என் விஷயத்தை மட்டும் மேனேஜர் இன்னும் பேசவில்லை. அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.