பொண்ணு பேர் என்ன மேடம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த லேத் பட்டறை ஒன்றை விழாக்கூடமாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். மார்கழியில் முப்பது பேரோடு ஒரு கல்யாணம் நடத்த இன்று பேசப் போயிருந்தேன்.

பொறுப்பாளர் சிரித்தார். "மார்கழிலயா? பொண்ணு ஊட்ல ஒத்துக்கினாங்களா?"

"பாதிப் பேர்" என்றேன்.

"வாசல்ல பூவால பேர் எழுதுவோம். பொண்ணு பேர் சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

"அது உங்க பேராச்சே, போன்ல சொன்னீங்க. பொண்ணு பேரு இன்னா?"

"அதேதான்."

அவர் கண் என் நரையில் போய் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு அம்மான்னு நெனச்சிக்கினேன்."

"அம்மாவும்தான். என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள்."

"அப்போ பொண்ணோட பொண்ணுக்கு மொத வரிசைல ஒரு சேர் போட்டுட்றேன்!"

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் நானும் மகளும் என இருவர்தான். போன வாரம் விஷயத்தைச் சொன்னபோது, "இந்த வயசுலயாம்மா?" என்று கேட்டுப் போனை வைத்தவள், பிறகு பேசவே இல்லை. பட்டறையின் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

இங்கே முகநூலில் அவள் லைக் போடமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் படிப்பாள்.

மற்றவர்கள் வாழ்த்தையும் வசையையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: கடைசிவரை காலியாகவே கிடந்தாலும், அந்த நாற்காலி அங்கே இருக்கலாம்தானே?