நேட்டிவ் டீச்சருக்கு நான் எடுத்த கிளாஸ்

ரிட்டயரான மறுமாதமே எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மூன்று நாளில் போய்விட்டது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் முப்பது வருடம் இங்கிலீஷ் எடுத்தவள் நான். பெயர் கிரேஸ் விக்டோரியா. எங்கள் சர்ச்சில் கிரேஸ் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கிழக்காசியாவில் ஒரு மொழிப் பள்ளிக்கு, இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' வேண்டுமாம். தாம்பரத்தில் கன்சல்டன்சி வைத்திருக்கும் பிரபு என் பயோடேட்டாவை அனுப்பினான். பெயரைப் பார்த்தார்கள், போனில் குரலைக் கேட்டார்கள், செலக்டட் என்றார்கள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. முப்பது வருடமாகப் பனிமழையைப் பாடத்தில் நடத்தியவள், விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

மூன்றாம் நாள் வீடியோ கால். கேமராவைப் போட்டதும் அந்தப் பள்ளியின் மேனேஜர் அம்மாவின் முகம் மாறியது. இந்தியரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உச்சரிப்பைப் பெற்றோர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். போனில் கேட்ட அதே வாய்தான்.

"மிஸ், உங்க வாய் பாஸ். மூஞ்சிதான் பெயில்" என்றான் பிரபு. ஆறுதல் சொல்கிறானாம்.

அந்த இடத்துக்கு மாரெக் என்ற ஐரோப்பியரை எடுத்தார்கள். ஆறடி, செம்பட்டை முடி, ஃபுட்பால் கோச். இங்கிலீஷ் அவருக்குத் தாய்மொழியும் இல்லை, சரியாக வரவும் இல்லை. தினமும் காலையில் ஆன்லைனில் அவருக்குப் பாடம் எடுக்க ஆள் வேண்டும் என்று பிரபு வந்து நின்றான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பின்வாசல் வழியாகவாவது உள்ளே போய்விடலாம் என்ற நப்பாசையில் ஒத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். நான் திரையில் வந்ததும் அவர் எழுந்து நின்று, "குட்ட்ட் மார்ர்னிங் மிஸ்ஸ்ஸ்" என்று ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். நான் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் மூன்று தடவை. தப்பு விட்டால் இம்போசிஷன். நல்ல மனிதர், எழுதிய நோட்டை கேமராவில் காட்டுவார். காலையில் நான் சொன்னதைப் பத்து மணிக்கு அப்படியே வகுப்பில் ஒப்பித்துவிடுவார்.

நாலு மாதம் கழித்து அந்தப் பள்ளியின் ஆண்டு விழா வீடியோ வந்தது. நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று, எங்கள் நாலாம் வகுப்பு 'பி' செக்‌ஷன் ராகத்தில் குட்மார்னிங் பாடினார்கள். இதல்லவா ஒரிஜினல் உச்சரிப்பு என்று பெற்றோர்கள் கமெண்ட் போட்டிருந்தார்களாம். மொழிபெயர்த்துச் சொன்ன பிரபுவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இதுதான் சமயம் என்று மறுபடி விண்ணப்பித்தேன். மேனேஜர் அம்மா மரியாதையாகவே பதில் போட்டார்: உச்சரிப்பு இன்னும் போதாது, மாரெக் சாரின் ரெக்கார்டிங்கைக் கேட்டு இரண்டு வாரம் பழகுங்கள், பிறகு டெஸ்ட்.

பழகினேன். நிஜமாகவே உட்கார்ந்து பழகினேன்.

"மிஸ், இது நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

"பேசாம இரு பிரபு, எனக்கு டெஸ்ட் இருக்கு."

டெஸ்ட் அன்று மேனேஜர் அம்மா பக்கத்தில் மாரெக், எனக்கு மார்க் போட. என் முகம் திரையில் வந்ததும் அவர் சட்டென்று எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "குட்ட்ட் மார்ர்னிங் மிஸ்ஸ்ஸ்" என்றார். மேனேஜர் அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிட் டவுன், மாரெக்" என்றேன். உட்கார்ந்தார்.

மறுநாள் மெயில் வந்தது: உச்சரிப்பில் நல்ல முன்னேற்றம், அடுத்த வருடம் முயற்சி செய்யலாம்.

அன்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் இளம் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் உச்சரிப்பை அங்கே கண்ணால்தான் கேட்கிறார்கள். விண்ணப்பம் போடுங்கள், வேண்டாம் என்றால் அடுத்த இடத்துக்குப் போடுங்கள். என்னைப் போல நாக்கைத் திருத்த மட்டும் உட்காராதீர்கள்.