லொறியில் வந்த காவடி

ராக்காயிக்கு சாமி, சாத்திரம், நல்ல நேரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. வேலி அடைப்பதென்றாலும் வேண்டுமென்றே ராகுகாலத்தில்தான் தொடங்குவாள். கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து அக்கராயன் பக்கம் வந்த குடும்பம் அவளுடையது. வந்து ஒரு தலைமுறை கடந்தும் அப்புத்துரையின் அரிசி ஆலையில் அவர்களுக்கு 'தோட்டக்காட்டார்' என்ற இளக்காரப் பெயர்தான். விடியமுன் போய் நின்றாலும் அவர்கள் நெல் கடைசியாகத்தான் குற்றப்படும். அதனால் பெண்கள் சங்கத்தைக் கூட்டி, பொலன்னறுவையில் பழைய ஆலை இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டாள். இந்த அறுவடை நெல் அதில்தான் விழவேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

படுக்கவைத்தால் உள்ளே முறிந்துவிடும் என்று இயந்திரத்தை நிமிர்த்தியே லொறியில் ஏற்றியிருந்தார்கள். வவுனியா, ஓமந்தை, மாங்குளம் எல்லாம் தாண்டி நெடுநெடுவென்று வந்த அது, ஊர் வாசலில் கோயில் வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டது. உயரம் ஓரடி இடித்தது.

சாரதி பிரதீபன் இறங்கி அண்ணாந்து பார்த்தான். "ஏலாது அக்கா. எனக்குப் பின்னேரம் வேறை சாமான் ஏத்தோணும். இதைத் திருப்பி வவுனியாவுக்குத்தான் கொண்டு போகப்போறன்."

"திருப்பிப் பாரு தம்பி, ஒன் டயரைக் கடிச்சுப் போடுவேன்."

அந்த வளைவின் கதை ஊருக்கே தெரியும். கட்டும்போது சாத்திரியார் வந்து, அந்த உயரம் ஊருக்கு ஆகாது என்று இரண்டடி குறைத்தார். அடுத்த திருவிழாவில் தூக்குக்காவடி கட்டிவந்த உழவு இயந்திரம் அதற்குள் நுழையவில்லை. முதுகில் செடில் கொக்கி குத்தியவன் வெயிலில் தொங்கியபடி சாத்திரியாரின் பரம்பரையையே திட்டினான். பிறகு வளைவுக்குப் பக்கத்து மதிலை உடைத்து, காவடிக்கென்று பெரிய கேற் போட்டார்கள். அதன் பூட்டுத் திறப்பு கோயில் தலைவரிடம். தலைவர் அப்புத்துரை. கடவுளின் பெயரால் போட்ட பூட்டின் திறப்புக்கு முதலாளியின் இடுப்பைவிட்டால் வேறு இடம் கிடைப்பதில்லை.

"அது காவடிப் பாதை, பிள்ளை," என்றார் அப்புத்துரை, திறப்புக் கேட்டு வந்த ராக்காயியிடம் தலையைக்கூட நிமிர்த்தாமல். "காவடியைத் தவிர வேறை ஒண்டும் போகேலாது. சபைத் தீர்மானம்."

"திருவிழாவுக்கு மட்டுந்தான் தொறப்பீங்களா?"

"நேத்திக்கடன் காவடி எண்டால் எந்த நாளும் திறப்பம். சாமி காரியத்தை மறிக்க நான் ஆர்?"

ராக்காயி நேரே வீட்டுக்குப் போனாள். "என்னங்க, காவடியை எடுங்க."

புருசன் பழனியாண்டி திகைத்துப்போனான். "நீயா காவடிங்கிற? அடியே, சாமியே இல்லேன்னு சொன்னியே!"

"சாமி இருக்கா இல்லையான்னு பொங்கலுக்குப் பொறகு பேசிக்கலாம். கேற்று இருக்கு. லொறி மேல ஏறுங்க."

"கொக்கியில மாட்டிற மாட்டியே?"

"வாயை மூடிக்கிட்டு ஆடினா மாட்ட மாட்டேன்."

இயந்திரத்துக்கு வேப்பிலை கட்டினார்கள். பறை முழங்கியது. மேலே பழனியாண்டி, ஒரு கையால் தோள் காவடியையும் மறுகையால் இரும்புக் குழாயையும் பிடித்துக்கொண்டு, பயத்தில் நடுங்கினான். கீழே நின்றவர்கள் சாமி உரு வந்துவிட்டது என்று கும்பிட்டார்கள். முதலில் குடத்தோடு ஓடிவந்து டயருக்கு மஞ்சள் தண்ணி ஊற்றியது அப்புத்துரையின் மனைவி கமலாசனி.

அப்புத்துரைக்கு முகம் கறுத்தது. "உது மெசினெல்லோ!"

"மேலை பாருங்கோ, காவடி," என்றாள் கமலாசனி. "சாமி காரியத்தை மறிச்சுப் பழி தேடாதேங்கோ. கெதியாய்த் திறவுங்கோ!"

திறந்தார். லொறி உள்ளே வந்தது. அப்பாடா என்று அவர் திரும்பியபோது, பறைக்காரர் வழியை மறித்தார்.

"ஐயா, எங்கை போறியள்? காவடி போய்ச் சேருமட்டும் தலைவர்தானே திருநீற்றுத் தட்டோடை முன்னாலை நடக்கிறது. வழக்கத்தை விடலாமே?"

கமலாசனி தட்டை நீட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புத்துரை செருப்பைக் கழற்றினார். தார் கொதிக்கும் வீதியில், தன் ஆலையையும் தாண்டி, சங்கத்துப் புதுக்கொட்டில் வரைக்கும், ராக்காயியின் இயந்திரத்துக்கு முன்னால் திருநீறு கொடுத்தபடி நடந்தார். அவர் நடை தளர்ந்த இடங்களிலெல்லாம் பிரதீபன் ஹோர்ன் அடித்தான்.