ஒக்கெய்யோ குடித்த ஏரித் தண்ணீர்

எங்கள் கரையில் இன்று யாராவது வண்டியை ஏரிக்குள் இறக்கினால், கையில் துடுப்போடு கத்திக்கொண்டு ஓடிவரும் ஆள் ஒக்கெய்யோதான். முன் சக்கரம் நனைவதற்குள் வந்து நிற்பான். "எடுறா வண்டியை! இதென்ன உங்கப்பன் வீட்டுக் குளியலறையா?" என்று அவன் போடும் சத்தத்தில் நீர்யானைகூடத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள், ஆகா, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று மெச்சிக்கொள்கிறார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம். விக்டோரியா ஏரியின் இந்த மூலையைச் சோப்பு நுரையால் நாறடித்த முதல் ஆசாமியே இவன்தானே!

இளவயதில் இவனை மீன்பிடிக்கத்தான் அனுப்பினார்கள். படகு ஆடினால் போதும், வாந்தி. மீன்பிடித்துப் பிழைக்கும் லுவோ குடியில் பிறந்துவிட்டுப் படகில் வாந்தி எடுக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கரையிலேயே கிட என்று விட்டுவிட்டார்கள். கிசுமு நகரத்தில் ஆளேற்றி ஓடும் மட்டாட்டு வேன்கள் மத்தியானம் எங்கள் கரைக்கு வரும். டிரைவர்கள் உட்கார்ந்து பொரித்த மீன் தின்பார்கள். அந்த நேரத்தில் ஒக்கெய்யோ வேனை முழங்கால் தண்ணீரில் இறக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, டீசல் ஊற்றி எஞ்சினைக் கழுவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே கொண்டுவருவான். தண்ணீரின் மேல் எண்ணெய் வண்ண வண்ணமாக மிதக்கும். நுரையைக் குடித்து ஆகாயத்தாமரை கொழுத்துப்போய்க் கிடந்தது.

இதில் வினை என்னவென்றால், கூப்பிடு தூரத்தில் மீன் பொரித்து விற்றவள் அவன் மாமியார். உயோமா ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் என்பதால், உயோமாவின் மகள் என்று பொருள்பட, நியார் உயோமா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவள் மீனைக் கழுவுவதும் சோளக்களி கிண்டுவதும் அதே ஏரித் தண்ணீரில்தான்.

"அக்கா, மீனுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?" என்று ஒரு டிரைவர் கேட்டான்.

"இல்லையேப்பா."

"அப்போ இது சோப்புதான்."

கடை ஈயடிக்க ஆரம்பித்தது. நியார் உயோமாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் எங்களில் மாமியாரும் மருமகனும் எதிரெதிரே நின்று வாயாடக்கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. அதனால் மகள் அகெலோதான் அவனிடம் பேச வேண்டியிருந்தது.

"மேட்டுல போர் பம்பு பக்கத்துல வச்சுக் கழுவேன்யா. அங்கேயே குழி வெட்டி அழுக்குத் தண்ணிய விட்டுடலாம். அம்மா பொழப்பு போகுது."

"அடி போடி! ஏரி என்ன குட்டையா? உகாண்டா, தான்சானியான்னு விரிஞ்சு கெடக்கு. என்னோட ஒரு கட்டி சோப்பு அதை என்ன பண்ணிடும்?"

"அப்புறம் நீ மட்டும் ஏன் போர் தண்ணி குடிக்கிற?"

ஒக்கெய்யோ உடனே ஜன்னலைச் சாத்தினான். அவன் கட்டிலுக்கடியில் ஒரு மஞ்சள் கேன் இருந்தது. மேட்டுப் போரிலிருந்து ரகசியமாக நிரப்பி வந்து, தன் டீக்கும் தன் தாகத்துக்கும் அதைத்தான் தொடுவான். ஏரித் தண்ணீரை அவன் கொப்பளித்துத் துப்பியதுகூட இல்லை. இது அகெலோவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் ஒரு விருந்து வந்தது. நியாட்டிட்டி யாழ் வாசிக்கிறவன் உச்சத்தில் இருக்கும்போது காசைப் போட்டு நிறுத்தச் சொல்லி, எழுந்து நின்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது எங்கள் வழக்கம். ஒக்கெய்யோவுக்கு அதுவே உயிர்.

"நிறுத்துப்பா யாழை! நான் ஒக்கெய்யோ! ஏரியோட செல்லப்பிள்ளை! நான் வேன் கழுவுற எடத்துல மீனெல்லாம் மணக்க மணக்கக் குளிக்குது! அந்தத் தண்ணியத்தான் நான் காலையில குடிக்கிறேன், சாயந்திரம் குடிக்கிறேன்! குறை சொல்றவன் எவன், முன்னால வா!"

ஒரே விசில். பெண்கள் பக்கத்தில் நியார் உயோமா மட்டும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மறுநாள் காலையில் அகெலோ வீட்டில் இல்லை. அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மஞ்சள் கேனையும் காணோம்.

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது அவனுக்குப் புரிந்தது. கேன் ஏன் போனது என்றுதான் புரியவில்லை. ஆனால் அகெலோ இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. வேனைத் தேய்க்கும்போதே கண் கலங்கும். சோப்பு பட்டுவிட்டது என்று பொய் சொல்வான். முட்டாள்தான், ஆனாலும் அவள்மேல் அத்தனை ஆசை. 'வந்து சாப்பிட்டுவிட்டு அவளைக் கூட்டிப் போகட்டும்' என்று மாமியார் வீட்டிலிருந்து சேதி வந்ததும், துணைக்கு வேன் கண்டக்டர் ஒகுட்டுவை இழுத்துக்கொண்டு ஓடினான்.

பெண் கொடுத்த வீட்டில் வைத்த சாப்பாட்டை மிச்சம் வைத்தால், பெண்ணே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. வட்டிலில் பெரிய ஜிலேபி மீன், மலைபோல் களி, குழம்பு. நியார் உயோமா முறைப்படி தடுப்புக்குப் பின்னால் சமையலறையிலேயே இருந்துகொண்டாள். மருமகனிடம் சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொன்னாள்.

"பூனையே, மாப்பிள்ளையைக் கூச்சப்படாம சாப்பிடச் சொல்லு. எல்லாமே அவரு தெனமும் குடிக்கிற தண்ணியிலதான் சமைச்சிருக்கேன்."

ஒக்கெய்யோவின் கை அப்படியே நின்றது.

ஒகுட்டு அவன் காதில் கிசுகிசுத்தான். "டேய், நேத்து நம்ம எஞ்சின்லேர்ந்து கரும்பிசினா ஒண்ணு எறங்குச்சே, அதுவும் இதுலதானா?"

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

"எனக்குப் பல்லு வலி," என்று ஒகுட்டு கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஒக்கெய்யோ ஒரு வாய் வைத்தான். சோப்பு! அடுத்த வாயில் டீசல். குழம்பில் பிரேக் ஆயில், சந்தேகமே இல்லை. களியில் டயர் வாடை. வியர்த்துக் கொட்டியது. அகெலோ, அகெலோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே விழுங்கினான். கடைசியில் டீ வந்தது. மேலே நுரை.

"பூனையே!" என்று அலறினான். "என்னால முடியல! அத்தைகிட்ட சொல்லு, நான் சொன்னது பொய்! அந்தத் தண்ணிய நான் குடிச்சதே இல்ல!"

"பூனைக்குக் காது மந்தம்," என்றது தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல். "ஊர் நடுவுல சொன்னதை ஊர் நடுவுலயே மாத்திச் சொன்னாத்தான் அதுக்குக் கேக்கும்."

வாசலுக்கு ஓடினான். விஷயம் தெரிந்து பாதிக் கரையே அங்கே காத்திருந்தது, நானும்தான்.

"நான் ஒக்கெய்யோ! நான் கழுவுற தண்ணிய நாய்கூட மோந்து பாக்காது! ஏரியைக் கெடுத்தது நான்தான், அத்தை கடையைக் கெடுத்ததும் நான்தான்! இனிமே இந்த ஏரியில ஒரு சக்கரம் நனைஞ்சா என்னை ஆம்பளைன்னு கூப்பிடாதீங்க! என் பொண்டாட்டிய மட்டும் அனுப்பி வைங்க!"

கூட்டம் சிரித்துச் சிரித்து உருண்டது. அகெலோ வெளியே வந்தாள். கையில் மஞ்சள் கேன்.

"எப்படியிருந்துச்சு சாப்பாடு?"

"சோப்பு, டீசல், டயர். உங்கம்மா என்னைக் கொல்லப் பாத்தா."

"எல்லாம் இந்தக் கேன் தண்ணியிலதான்யா சமைச்சோம். உன் போர் தண்ணி. ஏரித் தண்ணி ஒரு சொட்டு சேக்கல."

ஒக்கெய்யோ கேனை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். ஒரு வாடையும் இல்லை. உள்ளே இருந்து ஒகுட்டு மீன் முள்ளை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பல்வலி போய்விட்டது போலிருக்கிறது.

"ஏரியில என்னென்ன கெடக்குதுன்னு உன் நாக்கு வரிசையா சொல்லுச்சு பாத்தியா?" என்றாள் அகெலோ. "ஊத்துனவனுக்குத்தானே தெரியும்."

அவன் கேனை மெதுவாக மூடினான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கேன் காலி," என்றாள் அவள். "போற வழியில நெரப்பி, மொதல்ல அம்மா கடையில கொண்டுபோய் வை. தூக்கு."

தூக்கினான். இன்றைக்கும் காலையில் முதல் கேன் மாமியார் கடைக்குத்தான் போகிறது. வேன் கழுவுவது மேட்டில்.