மழைக்காலத்துக் கரும்புச் சாறு

வேலையால் வந்த காயம் வேலை கொடுத்தவரின் பொறுப்பு. அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றைக்கே பதிவேட்டில் ஏற வேண்டும். வைத்தியச் செலவு அவருடையது. கையோ காலோ முன்போல் இயங்காமல் போனால் இழப்பீடும் உண்டு. நெய்வேலியில் ஓய்வு பெறும்வரை பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதியை வகுப்பெடுத்துச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்று. விதி எளிமையானது, அதனால்தான் அதை ஒருவரும் நம்புவதில்லை என்று வகுப்பின் முடிவில் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். சென்ற மழைக்காலத்தில், முன்பதிவு தேவைப்படாத ஒரு சிறு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், ஒரே காயம் என் கண்முன்னே மூன்று முறை வேறு காயமாக மாறியது. அதன்பிறகு அந்த வேடிக்கையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இப்போது நான் மெல்பர்னில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மாதம் நெய்வேலிக்கு வந்து, டவுன்ஷிப் வளைவுக்கு வெளியே கட்டிய வீட்டைத் திறந்து காற்றாட விடுவேன். மீதி மாதங்களில் வீட்டை ஆள்வது பூரான்கள். அவை அங்கே குடிமக்கள், நான் விருந்தினர் விசாவில் வருகிறவன். வந்த மறுவாரமே ஒன்று என் கணுக்காலைக் கடித்து அதைத் தெரியப்படுத்தியது. கால் வீங்கியது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, முன்பு சீட்டுக் கம்பெனி இருந்த கட்டடத்தில், 'சிறு காயம், காய்ச்சல், கடி – நேரடியாக வரலாம்' என்று பலகை வைத்திருந்தார்கள். போனேன். முன்மேசைப் பெண் டோக்கன் கொடுத்துவிட்டு, "அங்கிள், லோக்கலா, வெளியூரா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும் அவளுக்கு. முப்பத்துச் சொச்சம் ஆண்டு இந்த ஊரில் ஷிஃப்ட் சங்கைக் கேட்டு எழுந்தவன் பதில் சொல்லத் திணறுவதைப் பார்த்து அவளே 'லோக்கல்' என்று தட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர், வலது கையில் ஈரத் துண்டைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். கூட அவர் மனைவி. பெயர் குமரவேல், சேத்தியாத்தோப்புப் பக்கம் என்று மனைவி சொன்னார். எப்படி அடிபட்டது என்று பெண் கேட்டதற்கு, வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றார் குமரவேல். சாலை விபத்து என்றால் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும், வண்டி எண் சொல்லுங்கள் என்றாள் அவள். தட்டெழுத்து நின்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வண்டி இல்லம்மா," என்றார் மனைவி. "இவருக்கு வலியில ஒண்ணும் புரியல. வூட்டுக் கதவுல நசுங்கிடுச்சு." பெண் அழித்துவிட்டுக் கதவு என்று தட்டினாள். கதவுக் காயத்துக்கு அவசரம் கிடையாது. அவர்களுடைய டோக்கன் இருமலுக்கு வந்தவருக்கும் பின்னால், என் பூரான் கடிக்கு மட்டும் முன்னால் போய் நின்றது.

வகைப்படுத்தல்தான் எல்லாம். எந்த நாட்டிலும் காகிதத்தில் என்ன பெயர் ஏறுகிறதோ அதன்படிதான் உடம்பை நடத்துவார்கள். மெல்பர்னில் இதே போன்ற ஒரு 'அர்ஜென்ட் கேர்' கிளினிக்குக்கு நான் போயிருக்கிறேன். கோயிலில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். அங்கே தாதி கேட்ட முதல் கேள்வி, இது வேலையில் நடந்ததா என்பது. கேள்வி முடியும் முன்பே இல்லை என்றேன். வீட்டிலா என்றார். ஆமாம் என்றேன். சட்டையில் இருந்த கோயில் அடையாள அட்டையை அவர் பார்த்தார். வேலையில்தானே என்று மறுபடி கேட்டார். இல்லவே இல்லை என்றேன் நான், விசாரணைக் குழுவின் முன்னால் நிற்பவனைப் போல. நெய்வேலிப் பக்கத்து மனிதனுக்கு வேலையில் நடந்த காயத்தை முதலில் மறைக்கத்தான் தெரியும்; விதியைச் சொல்லிக்கொடுத்தவனுக்கும் அப்படித்தான். அந்த அம்மாள் முகம் மாறிப்போய், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று மெதுவாகக் கேட்டது: "ஐயா, உங்களை ஆரும் வெருட்டுகினமோ? பயப்பிடாதேங்கோ, சொல்லுங்கோ." யாரும் மிரட்டவில்லை, பூசணிக்காய்தான் என்று விளக்குவதற்குள் விரலில் ரத்தம் தானாகவே நின்றுவிட்டது. சம்பளம் இல்லாத தொண்டும் அங்கே வேலைதானாம். உண்மையைச் சொன்னால் கோயிலுக்குத் தொல்லை வராது, நல்ல கத்திதான் வரும் என்று அவர்கள் எனக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பூசணிக்காய் நினைவில்தான் குமரவேலைக் கவனித்தேன். தலையும் முகமும் கழுவியிருந்தார். காதுமடலின் மடிப்பில் சாம்பல் நிறப் பொடி அப்படியே இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு செங்கல் போடும் இடங்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அங்கே சாம்பலை ஏற்றிச் செல்ல பெல்ட் ஓடும், பெல்ட்டுக்கு அடியில் உருளை சுழலும். துண்டு சற்று விலகியபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் ஒரே திசையில் தேய்ந்து சிவந்திருப்பது தெரிந்தது. கதவு விரலைக் கடிக்கும். முழங்கை வரை இழுக்காது. பயிற்சி வகுப்பில் எங்கெங்கோ நடந்த விபத்துகளின் அறிக்கைகளை நான் வாசித்துக் காட்டுவதுண்டு. உருளையில் சிக்கிய கை வெளியே சிராய்ப்பாக மட்டும் இருக்கும், உள்ளே நசுங்கிய சதை வீங்கிக்கொண்டே போய் ரத்த ஓட்டத்தை நெரிக்கும், சில மணி நேரத்தில் கையே போய்விடும் என்று ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது பின்வரிசையில் எப்போதும் யாராவது கொட்டாவி விடுவார்கள். இப்போது அதே பக்கம் என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

விரல் வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். மொதல்ல வலிச்சது, இப்ப மரத்துப் போச்சு என்று அதை ஒரு நல்ல செய்தியாகச் சொன்னார். மரத்துப்போவதுதான் அந்தப் பக்கத்தின் கடைசி வரி. குனிந்து மனைவியிடம் தாழ்ந்த குரலில், இது பெல்ட்டில் மாட்டியதுதானே என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "நீங்க யாரு சார்? மொதலாளி அனுப்சாரா?"

இல்லை, ஓய்வு பெற்றவன், மகளோடு வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு விதியைச் சொன்னேன். பதிவேடு, செலவு, இழப்பீடு, எல்லாவற்றையும் வரிசையாக. குமரவேல் வலியோடு சிரித்தார். "அஞ்சல, சார் வாத்தியாரு போல கீறாரு. நல்லா கேட்டுக்க."

அஞ்சலை சிரிக்கவில்லை. செங்கல் போடும் முதலாளியேதான் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரும் என்று அவர் சொன்னதிலிருந்து புரிந்துகொண்டேன். அடுத்த பட்டியலில் குமரவேலின் பெயரைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதை நம்பித்தான் இவர் இரண்டு வருடமாகக் குறைந்த கூலிக்குச் சாம்பலைச் சுமக்கிறார். அடிபட்டதும் முதலாளியின் ஆள் சொன்னது ஒன்றுதானாம்: எங்க அடிபட்டுச்சுன்னு வெளியில போச்சுன்னா லிஸ்ட்டுல பேர் இருக்காது.

"கை போய்விடும் அம்மா," என்றேன். "கை போன பிறகு பட்டியலில் பெயர் இருந்து என்ன?"

"பேரு போனா கை இருந்து இன்னா சார்?" என்றார் அவர். "நீங்க ரூல்ஸ சொல்லிட்டு பிளேன் ஏறிக்கினு போயிடுவீங்க. நாங்க தெனம் அந்தாளு வூட்டு வழியாத்தான் நடக்கணும்."

என் திரும்பும் டிக்கெட் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருந்தது.

அவர்களுடைய எண் வந்தது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே பேசுவது கேட்டது. மருத்துவர் மதுரைப் பக்கத்து இளம்பெண். கதவுதானே, பயப்படாதீங்க, நாலு தையல் போட்டுக் கட்டிவிடுறேன், வீட்டுக்குப் போயிறலாம் என்றார். தட்டில் கத்தரிக்கோல் வைக்கும் ஓசை கேட்டது. தையல் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டால், ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வீக்கம் உள்ளேயே நெரித்துவிடும். நான் எழுந்தேன். சொன்னால் பட்டியல் போகும், சொல்லாவிட்டால் கை. சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை என்பதற்கு மட்டும் எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இடம் இல்லை. திரைச்சீலையை விலக்கினேன்.

"ஐயா, உங்க டோக்கன் இன்னும் வரலையே," என்றார் மருத்துவர்.

நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்கு முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, கதவு இல்ல. கரும்பு ஜூஸ் மிஷினு. எங்க சின்னம்மா மவன் கடை. கரும்போட கையும் உள்ள பூட்டுச்சு."

கத்தரிக்கோல் தட்டுக்குத் திரும்பியது. மருத்துவர் துண்டு முழுவதையும் பிரித்தார். நகங்களை அழுத்திவிட்டுப் பார்த்தார், நிறம் திரும்பவில்லை. ஒரு விரலை மெல்ல நீட்டினார்; அதுவரை சிரித்துக்கொண்டிருந்த குமரவேல் கட்டிலின் விளிம்பைக் கடிப்பதுபோல் முனகினார். எவ்வளவு நேரம் உள்ளே மாட்டியிருந்தது, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு ஆள் ஓடிப்போய் நிறுத்தும் வரைக்கும் என்று தொடங்கினார் குமரவேல். அஞ்சலை குறுக்கே புகுந்து, கையால சுத்துற சக்கரம்தான், பின்னாடி சுத்தி எடுத்தோம் என்று முடித்தார்.

மருத்துவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மூன்று நாளாக விடாத கார்த்திகை மழை. "இந்த மழையில யாரும்மா ஜூஸ் குடிக்கிறாங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கரும்பு பிழியும் இயந்திரம் என்றே எழுதிவிட்டு, பாண்டிச்சேரியில் இருக்கும் அறுவை மருத்துவமனைக்குப் போன் செய்து, ஆம்புலன்ஸை வரவழைத்தார். நான் விதி முழுவதையும் சொல்லியும் கிடைக்காத வழி, அந்த ஒரு பொய்யில் கிடைத்தது. உருளை என்ற உண்மை மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தது; எந்த உருளை என்பது மட்டும் அஞ்சலையிடமே இருந்தது.

ஆம்புலன்ஸில் கணவரை ஏற்றிவிட்டு, மழையில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். "சார், கேஸு கீஸுன்னு எங்கியும் எழுதிப் போட்டுடாதீங்க. மொதல்ல லிஸ்ட்டு வரட்டும். எழுதலாமா வேணாமான்னு நானே சொல்றேன்." என் எண்ணை வாங்கிக்கொண்டு தன் எண்ணையும் கொடுத்தார். அவர் சொல்லாமல் எதையும் எழுதி அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே புகார் எழுதிப் பழகியவனுக்கு அது சின்ன வாக்கு இல்லை. பிறகு என் டோக்கன் வந்தது. மருத்துவர் கணுக்காலை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நெசமாவே பூரான்தானா ஐயா?"

மெல்பர்ன் திரும்பும் முன் ஒருமுறை போனில் பேசினேன். வீக்கம் வடிவதற்காகக் கையை இரண்டு இடத்தில் கீறித் திறந்து வைத்தார்களாம். "கை கீது சார்," என்றார் குமரவேல். இரண்டு விரல்கள் மடங்கவில்லை என்பதை அதற்குப் பிறகு, ஒரு சில்லறை விஷயம்போல, சொன்னார்.

இங்கே வந்ததும் விண்ணப்பத்தை எழுதி முடித்து, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். இழப்பீடு கோரக் கால வரம்பு உண்டு, அது இன்னும் கடக்கவில்லை. மருத்துவமனைக் காகிதம் கரும்பு என்கிறது. அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பதற்குச் சாட்சி, அறையில் இருந்த நான்தான். எல்லாப் பத்திகளும் ஒழுங்காக இருந்தன. அனுப்புநர் என்ற இடம் மட்டும் காலியாக நின்றது. இந்த வீட்டு முகவரியைப் போட்டால், கடல் தாண்டி இருப்பவனுக்கு இங்கே என்ன வேலை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்; என் மேசையிலேயே அப்படிச் சிலவற்றை நான் வைத்ததுண்டு. நெய்வேலி முகவரியைப் போட்டால் அழைப்பாணை பூட்டிய கதவின் கீழே போய்க் கிடக்கும். பெயர் வந்ததா என்று அஞ்சலைக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். அதற்கும் அப்படித்தான். என் மனைவி பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சந்தடியில், இன்னுமா அந்தப் போனையே பார்க்கிறீர்கள் என்றாள். இங்கே கோடை முடியப்போவதற்கு அறிகுறியாகக் காலையில் காற்று குளிரத் தொடங்கியிருந்தது.

குரல் செய்தியாகத்தான் வந்தது. பின்னணியில் பேருந்து ஹாரன்.

"சார், அஞ்சல பேசறன். லிஸ்ட்டு ஒட்டிட்டாங்க. இவரு பேரு இல்ல. மடங்காத கைய வச்சிக்கினு இன்னா வேல செய்வன்னு கேட்டானாம். எழுதுங்க. ஜூஸ் மிஷினுன்னு சொன்னது நாந்தான்னும் சேத்து எழுதுங்க. ஆனா கூப்ட்டா நீங்க வந்து நிக்கணும் சார். வருவீங்கன்னா எழுதுங்க, இல்லாட்டி வுட்ருங்க."

இரண்டாம் முறை கேட்கவில்லை. அனுப்புநர் என்ற இடத்தில் பூட்டிய வீட்டின் முகவரியை எழுதினேன். பயணச் சீட்டைப் பிறகு தேடினேன். அன்று மாசி மகம், எங்கள் பக்கத்துச் சாமிகள் கடற்கரைக்குப் போகும் நாள்.